முக்கொம்பு மடுவும் மூன்று இலாகாக்களும்

எங்கள் இலாகாவில் ஓய்வு பெற்றவர்கள் சேர்ந்து ஒரு சிறப்பு மலர் போடப் போகிறார்களாம். இப்போது பணியில் இருக்கும் ஓர் இளம் அதிகாரி வீடு தேடி வந்து, "சார், அந்தக் காலத்துல ஆத்து மீன் வளத்தை எப்படியெல்லாம் பாதுகாத்தீங்கன்னு ஒரு கட்டுரை எழுதிக் குடுங்க" என்றார். நல்ல பிள்ளை. காப்பி குடித்து முடிப்பதற்குள் 'பொற்காலம்' என்று இரண்டு முறை சொல்லிவிட்டார். நான் சிரித்ததை இருமல் என்று நினைத்துக்கொண்டு, எழுந்து போய்த் தண்ணீர் மொண்டு வந்து கொடுத்தார்.

எழுதுகிறேன். மலரில் போடுவார்களா என்பது என் கவலை இல்லை.

நான் ஸ்ரீரங்கத்துக்காரன். அப்பா பெருமாள் கோயிலில் பிரபந்தம் சேவிக்கும் கோஷ்டியில் இருந்தவர். வெங்காயம்கூட நுழையாத வீடு. தெப்பக்குளத்துப் பக்கம் பாதிரியார்கள் நடத்திய கல்லூரியில் விலங்கியல் படித்தேன். படித்து முடித்ததும் நாலைந்து சர்க்கார் இலாகாக்களுக்கு மனுப் போட்டேன். முதலில் கூப்பிட்டது மீன் இலாகா. ஐம்பதுகளின் தொடக்கத்தில், வந்த சர்க்கார் வேலையை வேண்டாமென்று சொல்பவனைப் பைத்தியக்காரன் என்பார்கள்.

உத்தரவைப் படித்துப் பார்த்த அப்பா அதை மடித்துப் பெருமாள் படத்தடியில் வைத்தார். பிறகு, "எம்பெருமானே மத்ஸ்யாவதாரம் எடுத்திருக்கான். பிடிக்கறதுதானேடா பாபம்? காக்கற உத்யோகம்னா போயிட்டு வா" என்றார். காக்கிற உத்தியோகம் என்று அவர் நம்பினார், நானும் நம்பினேன். எங்கள் வீட்டில் இருந்த மூடநம்பிக்கைகளிலேயே பெரியது அதுதான்.

பயிற்சிக்காக ஒரு வருஷம் கடலோரத்தில் போட்டார்கள். அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மூக்கு பழகியது. கட்டுமரத்தில் வாந்தி எடுக்காமல் உட்காரக் கற்றுக்கொண்டேன். கரையிலிருந்து குறிப்பிட்ட தூரம் வரை ராஜ்ய சர்க்காரின் கடல், அதற்கு அப்பால் மத்திய சர்க்காரின் கடல் என்று பாடம் நடத்தினார்கள். "சங்கு குளிக்கிறவன் அந்தக் கோட்டின் மேலேயே மூழ்கினால்?" என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன். பாடம் எடுத்த அதிகாரி, "கோட்டின் மேல் மூழ்கக் கூடாது" என்றார். நான் பெற்ற பயிற்சியின் சாரம் அதுதான்.

பிறகு சில ஊர்கள் சுற்றிவிட்டு, இன்ஸ்பெக்டராகத் திருச்சிக்கே மாற்றலாகி வந்தேன். கன்டோன்மெண்டில் ஒரு பழைய பங்களாவில் ஆபீஸ். அதற்குத் தலைவர், அசிஸ்டெண்ட் டைரக்டர் சபாபதி. உறையூர்க்காரர். சித்திரை வெயிலிலும் கழுத்தில் டை கட்டியிருப்பார். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. எந்தக் காகிதம் வந்தாலும் முதலில் கண்ணாடியைக் கழற்றி, டையின் நுனியால் துடைத்து, திரும்ப மாட்டிக்கொண்டு, காகிதத்தின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டு கேட்பார்: "இது யாரோட தண்ணி?"

வேறு யாருடையதோ என்று நிரூபித்துவிட்டால் போதும், அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். நம்முடையதுதான் என்று ஆகிவிட்டால் தலைவலி மாத்திரை தேடுவார்.

நான் சேர்ந்த வாரமே எனக்கு ஆற்றைப் பங்கு பிரித்துக் காட்டினார். "தண்ணி, அணை இலாகாவுக்கு. தண்ணி வத்தினாத் தெரியற மணல், நில இலாகாவுக்கு. நடுவுல நீந்தறது மட்டும் நமக்கு."

"நீந்தறதை நிறுத்திட்டா சார்?"

"நிறுத்திட்டா அது கருவாடு மிஸ்டர் சாரங்கன். கருவாட்டுக்கு ரூல் கிடையாது."

சிரிப்பதற்காகச் சொல்கிறார் என்று நினைத்து நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

என் பொறுப்பில் விட்டது முக்கொம்பு. காவிரியும் கொள்ளிடமும் பிரியும் இடத்தில் கதவணை இருக்கிறது. அதன் கீழே, கொள்ளிடத்துப் பக்கம், விழுகிற தண்ணீர் பறித்துப் பறித்து ஒரு பெரிய மடு உண்டாகியிருந்தது. எதிர்நீச்சல் போட்டு வரும் மீன்கள் அணையைத் தாண்ட முடியாமல் அங்கேயே திரண்டு நிற்கும். கைக்குழந்தை கனத்துக்குச் சினைக் கெண்டைகள். வலை போட்டால் ஒரே நாளில் வழித்து எடுத்துவிடலாம் என்பதால், அணைக்குக் கீழே கொஞ்ச தூரத்துக்கு யாரும் மீன் பிடிக்கக் கூடாது என்று சட்டம். நல்ல சட்டம். இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை.

சட்டத்தை மீறுபவனைப் பிடித்தால் மீனைப் பறிமுதல் செய்யலாம். மீன் கெட்டுப்போகும் பொருள். உடனே ஏலம் விட்டாக வேண்டும் என்பது விதி. ஏலம் சபாபதியின் வீட்டுக் கொல்லைப்புறத்தில் நடக்கும். ஏலம் கேட்பவன் அவருடைய பியூன். எதிர்த்துக் கேட்பவர் யாரும் இல்லை. கொஞ்ச நேரத்தில் சமையற்கட்டிலிருந்து மிளகாய் வறுக்கும் வாசனை வரும். விதியில் ஒரு வரி பிசகாது.

ஒரு நாள் ஏலம் முடிந்த திருப்தியில் சொன்னார்: "முக்கொம்புக்கு உங்களை ஏன் போட்டேன் தெரியுமா? நீங்க திங்க மாட்டீங்க. முன்னாடி இருந்தவன் பாதியை வழியிலயே தின்னுட்டு வருவான்."

என் படிப்பு, பயிற்சி, பட்டம் எல்லாவற்றுக்கும் எங்கள் இலாகா போட்ட மதிப்பு இதுதான்.

தினமும் ஸ்ரீரங்கத்திலிருந்து மேலூர் வழியாகக் கரையோரமாகவே சைக்கிளில் போவேன். சாயங்காலம் திரும்பினால் என் மனைவி பங்கஜம் வாசலில் நின்றுகொண்டு, "கொல்லை வழியா வாங்கோ. வெந்நீர் போட்டிருக்கேன்" என்பாள். குளித்த பிறகுதான் வீட்டுக்குள் போகலாம். கதவணைக்குப் பக்கத்துக் குடிசைகளில் மருதாயி என்று ஒருத்தி இருந்தாள். புருஷன் இல்லை, தம்பியோடு சேர்ந்து ஆற்றில் வலை வீசிப் பிழைத்தாள். தடையெல்லைப் பலகைக்கு ஒரு முழம் தள்ளி நின்றுதான் வீசுவாள், அதற்கு இந்தப் பக்கம் வந்ததில்லை. என்னைப் பார்த்தால், "மீன் திங்காத சாமி வந்துருச்சு, எல்லா மீனும் எந்திரிச்சு நில்லுங்க" என்று ஆற்றைப் பார்த்துச் சத்தம் கொடுப்பாள்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு வருஷம் மழை ஏமாற்றியது. மேட்டூரை முன்கூட்டியே அடைத்துவிட்டார்கள். மாசியிலேயே ஆறு மணலாகிவிட்டது. மடு நாளுக்கு நாள் சுருங்கியது. இடுப்பளவு இருந்த தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. அத்தனை மீனும் அதற்குள் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன. முதுகுகள் வெளியே தெரிந்தன. வாயைத் தண்ணீரின் மேல்மட்டத்தில் வைத்துக்கொண்டு காற்றை விழுங்கின. அந்தச் சத்தம் கரையில் நின்றாலே கேட்கும்.

கதவணைக்கு மேற்புறம் தேங்கிய தண்ணீர் ஆளுயரம் இருந்தது. நடுவில் ஒரு கல்தளமும் சில படிகளும். அவ்வளவுதான் தூரம். ஒரு வலையும் ஏழெட்டு ஆட்களும் ஈரச்சாக்கும் இருந்தால் ஒரு காலை வேலை. அனுமதி கேட்டு சபாபதியிடம் போனேன்.

கண்ணாடியைத் துடைத்தார். "பாதுகாக்கப்பட்ட இடத்துல வலை போடறது குத்தம், மிஸ்டர் சாரங்கன்."

"பாதுகாக்கறதே நாமதானே சார்?"

"அதனாலதான் நாம போடவே கூடாது. முன்னுதாரணம் ஆயிடும். மதராஸ்லேருந்து விலக்கு வாங்கணும். அதுக்கு முன்னாடி அணை இலாகாவும் நில இலாகாவும் ஆட்சேபணை இல்லைன்னு எழுதித் தரணும்."

அணை இலாகா அதிகாரி எனக்கு டீ வாங்கிக் கொடுத்து, அன்பாகப் பேசினார். "மீனைத் தாராளமா எடுத்துட்டுப் போங்க சார், எங்களுக்கென்ன? ஆனா வெறுங்கையிலயா தூக்குவீங்க? பானையில தண்ணியோடதானே தூக்கணும்? அந்தத் தண்ணி எங்களுது. கீழ்த்தண்ணியை மேல கொண்டு போறதுக்கு எங்க மேலிடத்துல கேக்கணும்."

நில இலாகாக்காரர் டீகூட வாங்கித் தரவில்லை. "உசுரோட இருக்கற வரைக்கும் எங்களுக்குச் சம்பந்தமில்லைங்க. செத்து மணல்ல ஒதுங்கினா வாங்க, பேசுவோம்."

மூன்று பேருமே படித்தவர்கள். மூன்று பேருக்கும் மீன் சாகப்போகிறது என்று தெரியும். ஒருவராவது ஆற்றுக்கு வந்து பார்த்தாரா என்றால் இல்லை. பார்த்துவிட்டால் பொறுப்பு வந்துவிடுமே!

வாரங்கள் போயின. முதல் மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. ஒரு நாள் மருதாயி என் சைக்கிளைப் பிடித்து நிறுத்தினாள்.

"என்ன சாமி, காவல் காக்கறீங்களா, கருமாதிக்குக் காத்துருக்கீங்களா?"

"உத்தரவு வரணும்மா."

"உத்தரவு வரட்டும். அது வர்ற வரைக்கும் மூச்சை அடக்கிட்டு இருங்கன்னு இதுங்க கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் போனபோது, மருதாயியும் அவள் தம்பியும் மடுவுக்குள் நின்றுகொண்டிருந்தார்கள். வீச்சு வலையால் வளைத்து, பெரிய கெண்டையாகப் பார்த்து ஈரச்சாக்கில் சுற்றி, படியேறி ஓடி, மேலே விட்டுவிட்டுத் திரும்ப ஓடி வந்துகொண்டிருந்தார்கள். கரையில் ஒரு கூடையில், பிழைக்காது என்று தெரிந்த சில மீன்களை அவர்களுக்காக ஒதுக்கி வைத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் மருதாயி ஓடவில்லை.

"புடிக்கிறதுன்னா அப்புறமாப் புடிங்க சாமி. இப்ப அந்தச் சாக்கு முனையைப் புடிங்க."

செருப்பைக் கழற்றிவிட்டு, கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு இறங்கினேன். எத்தனை முறை படியேறினேன் என்று தெரியாது. மேலே விட்டதும் ஒரு கணம் அசையாமல் நிற்கும். பிறகு வாலை ஒரு சுழற்றுச் சுழற்றி ஆழத்துக்குள் மறையும். அத்தனை வருஷ உத்தியோகத்தில் அந்த ஒரு காலையில்தான் வேலை பார்த்தேன்.

அப்போதுதான் ஜீப் வந்தது. சபாபதி தன் மகளுக்கு மதராஸில் சம்பந்தம் பேசி முடித்திருந்தார். வந்திருந்த சம்பந்திக்கு முக்கொம்புப் பூங்காவைச் சுற்றிக் காட்டிவிட்டு, தன்னுடைய பாதுகாக்கப்பட்ட நீர்நிலையையும் காட்டலாம் என்று அழைத்து வந்திருக்கிறார். சம்பந்தி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"இதுதான் நீங்க சொன்ன இடமா?"

சபாபதி மடுவைப் பார்த்தார்; மிதந்த மீன்களைப் பார்த்தார்; முழங்கால் வரை சேறாக நின்ற என்னைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்தார். திரும்ப மாட்டிக்கொண்டபோது அவருக்கு வழி கிடைத்துவிட்டது.

"பாத்தீங்களா சம்பந்தி? இந்த மாதிரித் திருட்டுக் கும்பலாலதான் இந்த நிலைமை. எங்க இன்ஸ்பெக்டர் தண்ணியில எறங்கிக் கையும் களவுமாப் புடிச்சிருக்காரு. சபாஷ், மிஸ்டர் சாரங்கன்!"

மருதாயி என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன். அவர் அதற்குள் டிரைவரை விட்டு வலையையும் கூடையையும் ஜீப்பில் ஏற்றச் சொல்லிவிட்டார். கூடை மீன் அன்றே ஏலம் விடப்பட்டது. சம்பந்திக்கு விருந்து.

மருதாயி மேல் வழக்குப் போட்டார்கள். தம்பியைச் சிறுவயதுக்காரன் என்று விட்டுவிட்டார்கள். நான் முதல் சாட்சி. மடுவில் தண்ணீர் நிறைந்திருந்ததாகவும், அவளைப் பிடிப்பதற்காகவே இறங்கியதாகவும் நான் சொல்ல வேண்டும் என்று சபாபதி மெதுவாக, அன்பாக விளக்கினார். "வத்திப்போன மடுன்னு சொன்னா, வத்தற வரைக்கும் நீங்க என்ன பண்ணிட்டு இருந்தீங்கன்னு கேப்பான். உங்க நன்மைக்குத்தான் சொல்றேன்."

வலையை ஈரத்தோடு சுருட்டி, சாக்கில் போட்டு அரக்கு முத்திரை வைத்திருந்தார்கள். பருத்தி நூல் வலை. அப்படியே விட்டால் மக்கிப்போகும். முத்திரையை உடைத்து ஆபீஸ் மதில்மேல் விரித்துக் காயப்போட்டேன். சபாபதி பதறி வெளியே வந்தார். "எக்ஸிபிட்டை இப்படிப் போடலாமா?"

"மக்கிப்போயிட்டா கோர்ட்டுல இது வலைதான்னு எப்படி சார் நிரூபிக்கறது?"

இந்த மாதிரிக் காரணம் மட்டும் அவருக்கு உடனே புரியும். வழக்கு முடிகிற வரை அந்த வலைக்கு வெயில் காட்டினேன். ஆபீசில் எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு என்னைத் திட்டினார்கள்.

சாட்சி சொல்லும் நாள் காலையில் தட்டில் இருந்த சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தேன். பங்கஜம் தட்டைப் பார்த்தாள்.

"என்ன சொல்லப் போறேள்?"

"இருக்கறதைச் சொன்னா வேலைக்கு ஆபத்து."

"இத்தனை வருஷமா கொல்லை வழியா வரச் சொல்றேன், வரேள். பொய் சொல்லிட்டு வந்தா கொல்லை வழியாவும் வராதேங்கோ." சொல்லிவிட்டு மோரை ஊற்றினாள்.

கோர்ட்டில் எங்கள் தரப்பு வக்கீல் கேட்டார்: "குற்றவாளியைப் பிடிக்கத்தானே தண்ணீரில் இறங்கினீர்கள்?"

"இல்லை. மீனைத் தூக்க இறங்கினேன்."

வக்கீல் திரும்பி சபாபதியைப் பார்த்தார். சப் மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்தார். நடந்ததையெல்லாம் சொன்னேன்: மடு வற்றியது, மூன்று இலாகாக்களின் பதில், அவள் மேலே கொண்டுபோய் விட்டது, நான் சாக்கு பிடித்தது. தண்ணீரோடு தூக்க அனுமதி இல்லை என்ற இடத்தில் மாஜிஸ்திரேட் என்னைத் திரும்பச் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

"அப்படியானால் நீரும் சட்டத்தை மீறியிருக்கிறீர்?"

"ஆமாம்."

அவர் வெகுநேரம் எழுதினார். பிறகு தீர்ப்பைப் படித்தார். கூடையில் மீன் இருந்ததை அவளே ஒப்புக்கொள்கிறாள். தடை செய்த இடத்தில் எடுத்தது குற்றம்தான். கோர்ட் கலையும் வரை அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும், அதுதான் தண்டனை. வலையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

சட்டம் தெரிந்த நல்ல மனிதர் என்று அவரை எல்லோரும் புகழ்ந்தார்கள். மீனைச் சாகவிட்ட மூன்று இலாகாக்களுக்கு ஒரு கேள்வி இல்லை. காப்பாற்றியவளுக்குத் தண்டனை, அதையும் கருணை என்கிறார்கள்.

மருதாயி சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். நானும் போய்ப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

"உங்களையும் உக்காரச் சொன்னாங்களா சாமி?"

"இல்லை."

"அப்ப எதுக்கு இங்க? வேலை இல்லையா?"

"இல்லை" என்றேன். அது உண்மைதான். மடு அதற்குள் முற்றிலும் வற்றிவிட்டது. மிச்ச மீன்கள் வெடித்த சேற்றில் நாறிக்கொண்டிருந்தன. 'உங்கள் மீன்களை எங்கள் கல்தளத்திலிருந்து உடனே அப்புறப்படுத்தவும்' என்று அணை இலாகா எங்களுக்கு எழுதியிருந்தது.

எனக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. பதில் எழுதினேன். சம்பள உயர்வை நிறுத்தினார்கள். சபாபதி அதையும் குரலை உயர்த்தாமல்தான் சொன்னார்.

ஆடியில் மேட்டூரைத் திறந்தார்கள். காவிரி இரு கரையும் தொட்டு வந்தது. ஸ்ரீரங்கத்தில் படித்துறையெல்லாம் முழுகி, பெண்கள் மேல்படியில் நின்று விளக்கு விட்டார்கள். அந்த வாரம்தான் மதராஸிலிருந்து இரண்டு உத்தரவுகள் ஒரே தபாலில் வந்தன. ஒன்று, என்னைக் கடலோரத்துக்கு மாற்றியது. இன்னொன்று, முக்கொம்பு மடுவில் சிக்கியுள்ள மீன்களை வலை போட்டுப் பிடித்து மேற்புறம் விட அனுமதி அளித்தது. மற்ற இரண்டு இலாகாக்களும் ஆட்சேபணை இல்லை என்று எழுதியிருந்தன. தண்ணீரோடு தூக்கலாம் என்று தனியாக ஒரு வரி இருந்தது.

"சார், ஆறு முழுக்க வெள்ளம். மடுவே கண்ணுக்குத் தெரியலை" என்றேன்.

"உத்தரவு வந்தாச்சு மிஸ்டர் சாரங்கன். நிறைவேத்தணும். நீங்க போறதுக்கு முன்னாடி இதை முடிச்சிட்டுப் போயிடுங்க."

முக்கொம்புக்குப் போனோம். வலை வீச ஆள் வேண்டும். அந்தக் கரையில் வலையோடு இருந்தவள் மருதாயி ஒருத்திதான். சபாபதி ஜீப்பை விட்டு இறங்காமல் அவளைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஆற்றைப் பார்த்தாள். கதவுகள் எல்லாம் திறந்திருந்தன. வெள்ளம் நுரைத்துக்கொண்டு போயிற்று.

"எந்த மீனைங்க ஐயா? எங்கேருந்து எடுத்து எங்க விடணும்? மேலயும் கீழயும் ஒரே தண்ணியாக் கெடக்கு."

"கேள்வி கேக்காதே. ஒரு தடவை வீசு."

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். கரையில் நின்று வீசினாள். இழுத்தபோது வலைக்குள் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கெண்டைக்குஞ்சு துள்ளியது. பியூன் புதுப் பானையில் தண்ணீர் மொண்டான். சபாபதி தலையை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டு, "இன்ஸ்பெக்டரே கொண்டு போய் விடட்டும்" என்றார்.

பானையைத் தூக்கிக்கொண்டு கதவணைப் பாலத்தின் மேல் ஏறினேன். கூடவே மருதாயியும் வந்தாள். மேற்புறம் குனிந்து பானையைக் கவிழ்த்தேன். குஞ்சு ஒரு முறை புரண்டு வெள்ளி காட்டியது. பிறகு, நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, வெள்ளம் அதைக் காலடியில் திறந்திருந்த கதவுக்குள் இழுத்து, எடுத்த இடத்துக்கே கொண்டு போய்விட்டது.

கீழே ஜீப்பிலிருந்து சபாபதி குரல் கொடுத்தார்: "விட்டாச்சா?"

மருதாயிதான் பதில் சொன்னாள்.

"ஆச்சுங்க ஐயா. போயிருச்சு."